சாஃப்ட்வேர் வாங்குறவங்க வேற, அதுல டைப் அடிக்கிறவங்க வேற

1/
"எல்லாம் கம்ப்யூட்டர் ஆக்கிட்டோம்னு போர்டு வெச்சிருக்கீங்க. அப்புறம் ஏன் டாக்டர் டிஸ்சார்ஜுக்கு நாலு மணி நேரம் உட்கார வைக்கிறீங்க?"

ஓபி-யில் வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம். அதனால்தான் இந்த இழை.

ஐடி நண்பர்களும் படிங்க. பேங்குக்கும் ஃபேக்டரிக்கும் ஈஆர்பி போடும்போது நீங்க பார்க்கிற அதே மனுஷங்கதான் ஆஸ்பத்திரியிலும் இருக்காங்க. இங்கே தகவல் தப்பானால் ஊசியும் தப்பாகப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

2/
சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியில் புது சாஃப்ட்வேர் கொண்டு வந்தார்கள். பதிவு, ஓபி, வார்டு, லேப், ஃபார்மசி, பில்லிங் எல்லாமே ஒரே சிஸ்டத்தில். டாக்டர்கள் தரப்பில் பேச என்னை கமிட்டியில் போட்டார்கள்.

அங்கேதான் 'ஸ்டேக்ஹோல்டர்' என்ற வார்த்தையை நாளுக்கு நாற்பது தடவை கேட்டேன். தமிழில் இதைப் 'பங்குதாரர்' என்று எழுதுகிறார்கள். பங்குதாரர் என்றால் நமக்கு லாபத்தில் பங்கு உள்ளவர்தான் ஞாபகம் வருவார். உண்மையில் இது பாதிப்பில் பங்கு உள்ளவரைக் குறிக்கும். அந்த அர்த்தத்தில் பார்த்தால் கமிட்டியில் பாதிப் பேர் இல்லவே இல்லை.

3/
ஒரே ஒரு ஊசியை எடுத்துக்குவோம்.

டாக்டர் எழுதுகிறார். நர்ஸ் இண்டென்ட் போடுகிறார். ஃபார்மசிஸ்ட் ஸ்டாக் பார்த்து எடுத்து வைக்கிறார். வார்டு அக்கா போய் வாங்கி வருகிறார். நர்ஸ் போடுகிறார், சார்ட்டில் கையெழுத்து வைக்கிறார். பில்லிங்கில் ஒருத்தர் கணக்கில் ஏற்றுகிறார். இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இன்னொருத்தர் அதை அப்ரூவலுக்கு அனுப்புகிறார். மீந்துபோன ஊசியை ஃபார்மசிக்குத் திருப்பிக் கொடுத்து, அந்த 'ரிட்டர்ன்' கணக்கு முடிந்தால்தான் ஃபைனல் பில். நீங்க டிஸ்சார்ஜுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது.

டெமோ பார்க்க வந்தவர்கள் யார் தெரியுமா? எம்டி, ஃபைனான்ஸ் மேனேஜர், ஐடி ஹெட், இரண்டு சீனியர் டாக்டர்கள். மேலே சொன்ன சங்கிலியில் டாக்டரைத் தவிர ஒருவரும் அந்த ரூமில் இல்லை.

4/
இது நம்ம ஊர் வியாதி மட்டுமில்லை.

லாஸ் ஏஞ்சலஸில் உள்ள சீடர்ஸ்-சைனாய் அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைகளில் ஒன்று. மருந்து ஆர்டரை டாக்டர்களே கம்ப்யூட்டரில் போடும் சிஸ்டத்தை 2002-ல் அங்கே கொண்டு வந்தார்கள். செலவு சுமார் 3.4 கோடி டாலர். 2003 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டார்கள். நூற்றுக்கணக்கான டாக்டர்கள் எதிர்த்து நின்றதுதான் காரணம். ஒரு நிமிஷத்தில் கையால் எழுதுவதற்கு இப்போ பல நிமிஷம் ஆகுது, ஓயாமல் எச்சரிக்கை வருது என்பது அவர்கள் புகார்.

அங்கே பெரும்பாலான டாக்டர்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் இல்லை. வெளியே சொந்த ப்ராக்டிஸ் வைத்துக்கொண்டு, நோயாளிகளை அங்கே அட்மிட் செய்பவர்கள். நம்ம ஊர் விசிட்டிங் கன்சல்டன்ட் மாதிரி. அவர்களுக்கு சர்க்குலர் அனுப்பி உத்தரவு போட முடியாது.

5/
அடுத்த கதை இன்னும் கனமானது.

அதே 2002-ல் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் இதே மாதிரி சிஸ்டத்தை ஆறே நாளில் ஆஸ்பத்திரி முழுக்க இறக்கினார்கள். வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து அங்கே மாற்றப்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதத்தை, சிஸ்டம் வருவதற்கு முன்பும் பின்பும் கணக்கிட்டு 2005-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். முன்பு 2.80 சதவீதம். பிறகு 6.57 சதவீதம்.

எப்படி? முன்பெல்லாம் ஆம்புலன்ஸ் வழியில் இருக்கும்போதே மருந்து ஆர்டரை எழுதித் தயாராக வைத்திருப்பார்கள். புது சிஸ்டத்தில் குழந்தை வந்து, பதிவு ஆன பிறகுதான் ஆர்டரே போட முடியும். ஐசியூ-வில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மருந்துகள் சென்ட்ரல் ஃபார்மசிக்குப் போய்விட்டன. குழந்தை பக்கத்தில் நிற்க வேண்டிய ஒருத்தர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டியதாயிற்று.

முன்-பின் ஒப்பீட்டை மட்டும் வைத்து 'சாஃப்ட்வேர்தான் கொன்றது' என்று ஒரு மருத்துவனாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்து நடந்ததையும் பாருங்க.

6/
சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையும் அதே கம்பெனி சாஃப்ட்வேரைத்தான் போட்டது. பிட்ஸ்பர்க் அனுபவத்திலிருந்து பாடம் எடுத்துக்கொண்டு, ஐசியூ-வுக்கு அடிக்கடி தேவைப்படும் ஆர்டர்களைத் தொகுப்பாக முன்பே தயாரித்து வைத்தார்கள். அங்கே ஐசியூ குழந்தைகளின் இறப்பு கூடவில்லை. இதுவும் 2006-ல் அதே இதழில் வந்தது.

அதே சாஃப்ட்வேர், வேற முடிவு. அப்போ வித்தியாசம் எங்கே இருக்கு? யார் வேலை எப்படி நடக்குதுன்னு முன்னாடியே கேட்டதில் இருக்கு.

7/
எங்க ஆஸ்பத்திரிக்கு வர்றேன்.

முழுசா ஆரம்பிப்பதற்கு முன் ஒரு வார்டில் மட்டும் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். அந்த வார்டில் சில இரவுகள் நானும் உட்கார்ந்தேன்.

நைட் ட்யூட்டியில் ஒரு சிஸ்டர், வார்டு நிறைய நோயாளிகள், ஒரே கம்ப்யூட்டர். பத்து மணி மருந்தை எல்லோருக்கும் கொடுத்து முடித்து, அவர் வந்து உட்காரும்போது பதினொன்றரை. எல்லாவற்றையும் வரிசையாக க்ளிக் செய்கிறார். சிஸ்டத்தில் எல்லா மருந்துமே 11.30-க்குக் கொடுத்ததாகப் பதிவாகிறது.

ஆன்டிபயாடிக்குக்கு இது கொஞ்சம் பிரச்சினை. இன்சுலினுக்குப் பெரிய பிரச்சினை. ஒரு நாள் காலையில் சிஸ்டர் இன்சுலின் போட்டுவிட்டார், இன்னும் ஏற்றவில்லை. ட்யூட்டி டாக்டர் ஸ்க்ரீனைப் பார்த்து 'போடலையே' என்று மறுபடி போடச் சொல்கிறார். "சார், நான் போட்டுட்டேன்" என்று சொல்ல அந்த சிஸ்டர் பக்கத்தில் நின்றார். அவர் ட்யூட்டி முடிந்து கிளம்பியிருந்தால்? இரண்டு டோஸ் இன்சுலின் உள்ளே போய் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். அறுபது வயதுக்காரருக்கு அதில் வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம்.

8/
மறுநாள் கமிட்டியில் கேட்டது மூன்றே விஷயம். 'கொடுத்த நேரம்' என்று தனியாக ஒரு கட்டம். ட்ராலியில் இன்னொரு கம்ப்யூட்டர். இரண்டும் சரியாகும் வரை படுக்கை பக்கத்தில் பேப்பர் சார்ட் தொடரட்டும்.

"இது ஸ்கோப்ல இல்ல சார்" என்றார் கம்பெனியிலிருந்து வந்த பையன். இருபத்தைந்து வயசு இருக்கும். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. குறித்த தேதியில் 'கோ-லைவ்' ஆகி, சைன்-ஆஃப் வாங்கினால்தான் அவருக்கு அப்ரைசல். அவரும் பாதிப்பில் பங்கு உள்ளவர்தான்.

அந்த சிஸ்டரையே அடுத்த மீட்டிங்குக்கு வரவழைத்தோம். ஐந்து நிமிஷம் பேசினார். ஃபைனான்ஸ் மேனேஜரே "அந்த ரெண்டாவது கம்ப்யூட்டரை வாங்கிடுங்க" என்றார். நான் பத்து தடவை சொன்னாலும் அது நடந்திருக்காது.

9/
மருத்துவத்தில் காய்ச்சல் ஒரு அறிகுறி. பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை அமுக்கிவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் டெங்குவோ டைஃபாய்டோ உள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கும்.

புது சாஃப்ட்வேரை ஒருத்தர் எதிர்ப்பதும் அப்படித்தான். 'மாற்றத்தை ஏத்துக்க மாட்டேங்கிறாங்க' என்பது நோயின் பெயர் இல்லை. ஏன் என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால்தான் நோய் தெரியும்.

10/
ஒரு சீனியர் சர்ஜன். "நான் ஆபரேஷன் பண்ணவா, டைப் அடிக்கவா?" என்று மீட்டிங்கிலேயே எழுந்து போனார். அவர் பாஸ்வேர்டை ஜூனியர்கள் மானிட்டரில் சீட்டாக ஒட்டி வைத்துக்கொண்டு ஆர்டர் போட்டார்கள். நாளைக்குக் கேஸ் என்று வந்தால் கோர்ட்டில் நிற்பது அவர் பெயர்.

ஓபி முடிந்த பிறகு தனியாகப் போய்ப் பேசினேன். ஜூனியர்கள் எதிரில் ஒற்றை விரலால் தேடித் தேடி டைப் அடிக்க அவருக்குக் கூச்சம். அவ்வளவுதான் விஷயம். ஆபரேஷனுக்குப் பின் அவர் வழக்கமாக எழுதும் மருந்துகளை ஒரே க்ளிக்கில் வருவது போலச் செய்து, அவர் ரூமிலேயே தனியாகச் சொல்லிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு வார்டு ஆர்டரை அவரே போட்டார். ஓபி நோட்ஸ் மட்டும் கடைசி வரை டைப் செய்யவில்லை. ஒரு உதவியாளர் டைப் செய்ய, அவர் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்தார். பரவாயில்லை, அந்த அளவுக்கு நாமும் வளைஞ்சு கொடுக்கணும்.

ஃபார்மசியில் வேற பயம். பழைய ஸ்டாக் வித்தியாசம் எல்லாம் சிஸ்டத்தில் தெரிந்து தலையில் விழுமோ என்று. 'ஆரம்பிக்கும் நாள் எண்ணிக்கைதான் கணக்கு, பழசைக் கிளற மாட்டோம்' என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்த பிறகுதான் ஸ்டாக் சரியாக ஏறியது.

11/
கடைசியாக, யாருமே கேட்காத ஆள் ஒருத்தர் இருக்கார். நீங்கதான்.

நம்ம ஊர் பெயர்களை யோசித்துப் பாருங்க. எம். முருகன். முருகன் எம். முருகன் மாரிமுத்து. ஆதாரில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, வாயால் சொல்வது ஒன்று. கவுண்ட்டரில் கூட்டம். பழைய நம்பரைத் தேட நேரமில்லாமல் புது நம்பர் போட்டுவிடுவார்கள். ஒரே முருகனுக்கு மூன்று நம்பர். பெனிசிலின் அலர்ஜி என்று முதல் நம்பரில் ஏற்றியிருக்கும், எமர்ஜென்சியில் திறப்பதோ மூன்றாவது நம்பர். அங்கே அலர்ஜி கட்டம் காலியாக இருக்கும்.

இது எங்களுக்குத் தெரிய வந்ததும் பதிவு கவுண்ட்டரில் இருந்த பெண் சொல்லித்தான். "பேரை வெச்சுத் தேடாதீங்க சார், ஃபோன் நம்பரும் பிறந்த வருஷமும் வெச்சுத் தேட விடுங்க" என்றார். கமிட்டியில் யாருக்கும் தோன்றாத யோசனை.

12/
ஐடி நண்பர்களுக்கும் ஆஸ்பத்திரி நடத்துபவர்களுக்கும் நான் சொல்வது:

• யாருக்கு லாபம் என்று பட்டியல் போடும்போதே யாருக்கு வேலை கூடுகிறது என்றும் போடுங்க. இரண்டாவது பட்டியல்தான் முக்கியம்.

• பெரிய மீட்டிங்கில் யாரும் உண்மை பேச மாட்டாங்க. எம்டி எதிரில் நர்ஸ் எப்படி 'இது சரிவராது' என்பார்? முன்னாடியே தனித்தனியாகக் கேளுங்க.

• ஒரு வார்டில் தொடங்குங்க. மாசக் கடைசியிலோ டெங்கு சீசனிலோ ஆரம்பிக்காதீங்க.

• சிஸ்டம் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று பேப்பர் ஃபார்மும் பயிற்சியும் முதல் நாளே தயாராக இருக்கட்டும்.

• 'இது ஆபத்து, நிறுத்துங்க' என்று சொல்லும் அதிகாரத்தை வார்டு நர்ஸ் ஒருவருக்காவது கொடுங்க.

13/
பொதுமக்களுக்கு:

ஆஸ்பத்திரி நம்பர் உள்ள பழைய கார்டை, பிக்மி நம்பரைப் பத்திரமாக வைத்திருப்பது போல வைத்திருங்க. ஒவ்வொரு தடவையும் அதையே காட்டுங்க. அலர்ஜி இருந்தால் ஸ்க்ரீனில் இருக்கும் என்று நம்பி இருக்காதீங்க, வாயாலும் சொல்லுங்க. ஊசி போடும்போது "இது என்ன மருந்து சிஸ்டர், காலையில போட்டாச்சா?" என்று கேட்கத் தயங்காதீங்க. நல்ல நர்ஸ் யாரும் அதற்குக் கோபப்பட மாட்டார்.

பில்லிங் கவுண்ட்டரில் இருக்கும் பையனிடம் கத்துவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிங்க. அந்த சாஃப்ட்வேரை அவர் வாங்கவில்லை. பெரும்பாலும் அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

உங்க ஆபீஸில் புது சிஸ்டம் வந்தப்போ உங்களைக் கேட்டாங்களா? கமெண்ட்டில் சொல்லுங்க, படிக்கிறேன்.