சீமையில் எந்த ஊர்?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குச் 'சீமை' என்ற சொல் புதிதன்று. "துரை சீமைக்குப் போயிருக்கிறார்" என்று பிரட்டுக் களத்தில் பேச்சு எழுந்தால், அது ஏதோ வேறு உலகத்துச் செய்தி என்றுதான் நம் பெற்றோர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்று காலம் மாறிவிட்டது. கூட்டுக் கட்டியும் சிறுகச் சிறுகச் சேர்த்தும், வாழ்நாளில் ஒரு முறையாவது ஐரோப்பாவைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. போவதென்றால் எந்த ஊருக்குப் போவது? எந்த மாதத்தில்? வளர்ந்த பிள்ளையோடு போகும்போது யார் விருப்பப்படி போவது? எங்கள் வீட்டில் மூன்று மாதம் நடந்த இந்த விவாதத்தை எழுதினால், வாசக அன்பர்களில் சிலருக்கேனும் பயன்படும் என்று நம்புகிறேன்.

என் மூத்த மகளுக்கு வயது 18. கல்லூரியில் முதலாண்டு. அடுத்த ஜனவரியில் மேற்படிப்புக்காகச் சரவாக் போகிறாள். பள்ளி முகாமைத் தவிர ஓர் இரவுகூட எங்களை விட்டுத் தங்கியறியாதவள். அவள் கிளம்புவதற்கு முன் அம்மாவும் மகளுமாக ஒரு வாரம் எங்காவது போய்வருவோம் என்று, நான் பாலர் பள்ளியில் ஆசிரியராக இருந்து சேர்த்த பணத்தை எடுத்து வைத்தேன். கல்லூரி விடுமுறை அக்டோபரில் வருகிறது. ஐரோப்பாவில் அது இலையுதிர் காலம்.

இதைக் கேட்டதும் முதலில் சிரித்தவர் என் மாமியார். முப்பது ஆண்டு பால் வெட்டியவர். "இலை கொட்டுறதைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போறீங்க? நம்ம பால்மரத்துல கொட்டாத இலையா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பிப்ரவரி, மார்ச் வந்தால் ரப்பர் காடு முழுதும் சிவந்து, பழுத்து, சருகாகக் கொட்டும். பால் குறையும், பால் குறைந்தால் கையில் வரும் கூலியும் குறையும். பாட்டிக்கு இலையுதிர் காலம் என்பது கடைக்காரரிடம் கடன் சொல்லும் காலம். நம் ஊரில் வறட்சியால் கொட்டுகிற இலை, அங்கே பகல் சுருங்கிக் குளிர் ஏறுவதால் கொட்டுகிறது. பச்சையம் மறைய, உள்ளே இருந்த மஞ்சளும் புதிதாகப் பிறந்த சிவப்பும் வெளியே தெரிகின்றன. அதைப் பார்க்கத்தான் மக்கள் பூங்காக்களைத் தேடிப் போகிறார்கள்.

அழகு ஒருபுறம் இருக்க, அந்த மாதத்துக்கு வேறு நன்மைகளும் உண்டு. ஜூலை, ஆகஸ்டு மாதங்களின் பெருங்கூட்டம் குறைந்திருக்கும். குளிரும் நம்மால் தாங்கக்கூடியதுதான். லண்டனில் அக்டோபர் நண்பகல் ஏறக்குறைய 15 பாகை. கேமரன் மலையில் இரவில் போர்வை தேடுகிறோமே, அந்தக் குளிர். ரோமில் அதைவிட ஏழெட்டுப் பாகை கூடுதலாக இருக்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அக்டோபரின் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவைப்பார்கள். அதற்கு முதல் நாள்வரை லண்டனில் ஆறு மணியளவில் மறைந்த சூரியன், அன்று ஐந்துக்கு முன்பே மறைந்துவிடும். ஏழு மணிவரை வெளிச்சம் பார்த்துப் பழகிய நமக்கு அது பெரிய இழப்பு. ஆகவே மாதத்தின் நடுவில் போவதென்று முடிவாயிற்று.

அடுத்தது வயதுக் கணக்கு. விமான நிறுவனங்களுக்குப் பிள்ளை என்பது 11 வயதுவரைதான். 12 நிறைந்தால் பெரியவர்களுக்கான சீட்டு. பாரிஸின் லூவர் அரும்பொருளகத்தில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை; என் மகள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டாள். வியன்னாவின் பெரிய அரசு அரும்பொருளகங்களில் 19 நிறையாதவர்களுக்கு இலவசம். அங்கே அவள் பிள்ளை, நான் மட்டும் கட்ட வேண்டும். லண்டனில் பிரிட்டிஷ் அரும்பொருளகம், இயற்கை வரலாற்று அரும்பொருளகம், அறிவியல் அரும்பொருளகம் ஆகியவற்றின் நிரந்தரக் காட்சிகளுக்கு எந்த வயதினருக்கும் கட்டணமில்லை. இதையெல்லாம் தாளில் எழுதிக் காட்டியவள் அவள்தான். வீட்டில் இன்னும் 'பாப்பா' என்று கூப்பிடுகிற பெண், உலகத்துச் சீட்டுக் கூடங்களில் எப்போதோ பெரியவளாகிவிட்டாள் என்பதை அந்தத் தாளில் படித்தபோது, எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது.

பயண நிறுவனத்தின் துண்டறிக்கை ஒன்றும் எங்களிடம் இருந்தது. பத்து நாளில் ஏழு நாடுகள். என் வீட்டுக்காரருக்கு அது பிடித்திருந்தது. "போறதுதான் போறீங்க, எல்லாத்தையும் பார்த்துட்டு வாங்களேன்" என்றார். மகள் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, பாதி நாள் பஸ்ஸுலயே போயிடும். தினமும் பெட்டி கட்டணும். அம்மாவுக்கு முட்டி வலி வேற. ஒரே ஊர், ஏழு நாள். அதான் நல்லது." அதற்குப் பிறகு ஏழு நாடு பற்றி யாரும் பேசவில்லை.

மூன்று ஊர்கள் மிஞ்சின: ரோம், பாரிஸ், லண்டன். ரோமில் வெயில் இதமானது, கி.பி. 80இல் திறந்த கொலோசியம் இன்றும் நிற்கிறது. பாரிஸில் 1889இல் கட்டி முடித்த ஈஃபில் கோபுரம் உண்டு. வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா சப்பேல் பகுதியில் ஈழத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருப்பதால் சோற்றுக்கும் கவலையில்லை. இந்த இரு நாடுகளுக்கும் மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் 180 நாள்களுக்குள் 90 நாள்வரை விசா இல்லாமல் போகலாம். 2025 அக்டோபர் 12 முதல் அங்கே எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். பிரிட்டனுக்கும் விசா தேவையில்லை. ஆனால் 2025 ஜனவரி 8 முதல், புறப்படும் முன்பே இணையத்தில் விண்ணப்பித்து மின்னணுப் பயண அனுமதி வாங்க வேண்டும்.

எனக்குப் பாரிஸ் மேல் ஆசை. மகள் லண்டன் என்றாள். காரணம் கேட்டேன். பாட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். கியூ தாவரத் தோட்டத்துக் கண்ணாடி வீடுகளில் அவற்றை விதைத்தார்கள். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. பெரும்பாலான கன்றுகள் இலங்கைக்குப் போயின. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. சில கோலகங்சாருக்குப் போயின. 1888இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ரிட்லி என்பவர், மரத்தைச் சாகடிக்காமல் நாள்தோறும் பால் வெட்டும் முறையை ஆராய்ந்து பரப்பினார். பாட்டியின் கையில் முப்பது ஆண்டு இருந்த கத்திக்கும் அந்தக் கண்ணாடி வீட்டுக்கும் இப்படி ஒரு தொடர்பு.

"பாட்டி, நீங்க வெட்டின மரத்தோட பாட்டன் முளைச்ச இடம் அது. நான் போய்ப் பார்த்துட்டு வந்து உங்களுக்குச் சொல்றேன்" என்றாள். பாட்டி நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "அங்கயும் இலை கொட்டுதான்னு பார்த்துட்டு வா" என்றார். ஊர் முடிவாகிவிட்டது.

வசதியும் சேர்ந்தே அமைந்தது. லண்டனின் டிஸ்ட்ரிக்ட் ரயில் பாதை மேற்கே கியூ தோட்டத்துக்கும் கிழக்கே ஈஸ்ட் ஹாமுக்கும் போகிறது. ஈஸ்ட் ஹாமில் இட்லி, தோசைக் கடைகள் உண்டு. ஆக, காலையில் அங்கே பசியாறிவிட்டு, அதே பாதையில் ரப்பர் முளைத்த இடத்துக்குப் போய்விடலாம். கியூவுக்கு மட்டும் நுழைவுக் கட்டணம் உண்டு. ஹைகேட் முருகன் கோவிலையும் மகள் பட்டியலில் சேர்த்திருக்கிறாள், அது எனக்காக.

விமானச் சீட்டு எடுத்தாயிற்று. ஏறக்குறைய 14 மணி நேரப் பயணம். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன்: ரயில் பாதை பார்ப்பது, வழி கேட்பது, பணத்துக்குக் கணக்கு வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு, நான் பின்னால் வருவேன். ஜனவரியில் சரவாக்கில் அவளுக்குப் பின்னால் யாரும் இருக்கமாட்டார்கள். நான் பக்கத்தில் இருக்கும்போதே அவள் ஒரு பெரிய ஊரைத் தனியாகச் சமாளித்துப் பார்க்கட்டும்.

வளர்ந்த பிள்ளையோடு வெளிநாடு போக நினைக்கும் பெற்றோருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள். பல ஊர்களை விட்டு ஒரே ஊராகப் பாருங்கள். பிள்ளையின் வயதுக்கு எங்கே சலுகை உண்டு, எங்கே இல்லை என்று முன்கூட்டியே விசாரியுங்கள். செலவும் உடல்நிலையும் உங்கள் கணக்காக இருக்கட்டும். ஆனால் 'ஏன் அந்த ஊர்?' என்ற கேள்வியைப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள். நம் பிள்ளைகள் எதை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.