மதமதப்புக்கு இங்கிலீஷ்ல என்ன?

'மதமதப்பு'க்கு இங்கிலீஷ்ல என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியல. எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்சவன் நான். அந்த ஒரு வார்த்தையால அப்பாவுக்கு எட்டு மாசம் வீணாப் போச்சு.

அப்பா டெய்லர். சுகர் வந்து 11 வருஷம். போன வருஷம் "பாதம் மதமதன்னு இருக்குடா, பஞ்சு மேல நிக்கிற மாதிரி"ன்னு சொன்னார். கிளினிக்கில் நான்தான் முந்திக்கிட்டு "லெக் பெயின் டாக்டர்" என்றேன். வலி மாத்திரை கொடுத்தாங்க. அடுத்த முறை, "சுகர் இருந்தா இப்படித்தான் இருக்கும்." சுகர் நரம்பைப் பாதிக்கும் என்பது உண்மைதானே, நாங்களும் நம்பிட்டோம்.

ஒரு நாள் ஒத்தைச் செருப்போட வீட்டுக்கு வந்தார். இன்னொண்ணு வழியில எங்கே கழன்றதுன்னே அவருக்குத் தெரியல. அம்மா சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

அதுக்கப்புறம் போன டாக்டர் என்னைப் பேசவே விடல. "ஐயா, நீங்க சொல்லுங்க" என்றார். மதமதப்பு, ராத்திரி எரிச்சல், மிஷின் பெடல்ல கால் இருக்கான்னு குனிஞ்சு பார்க்க வேண்டியிருக்கிறது, எல்லாத்தையும் அப்பா சொன்னார். டாக்டர் 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க் ஒன்றைத் தட்டிக் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்தார் (ஆமாம், ஃபிசிக்ஸ் லேப் சாமான்தான்). அப்பாவுக்கு அதிர்வே தெரியல. முழங்காலில் நல்லாத் தெரிஞ்சுது. உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போறவை, அதனால முதல் அடி அங்கேதானாம். நான் ஈசிஇ. நீளமான கேபிளோட கடைசி முனையில சிக்னல் விழுற மாதிரின்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்புறம் ஒரே கேள்விகள். குடிப்பீங்களா? டிபி மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா? தோல்ல உணர்ச்சி இல்லாத தேமல் இருக்கா? இல்லை, இல்லை, இல்லை. அசைவம்? விட்டு ஆறு வருஷம். சுகருக்கு என்ன மாத்திரை? ஆரம்பத்திலிருந்தே மெட்ஃபார்மின். அங்கேதான் அவர் பேனா நின்னுச்சு. மூணு மாச சராசரி 6.8. இவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கும்போது சுகர் மேலயே பழியைப் போட்டுவிட முடியாது என்றார். மெட்ஃபார்மினைப் பல வருஷம் எடுத்தா, சாப்பாட்டிலிருந்து பி12 சத்தை உடம்பு எடுத்துக்கிறது குறையலாம். காய்கறியிலயோ பருப்பிலயோ பி12 கிடையாது. பாலும் அப்பாவுக்கு டீயோட சரி.

ரிசல்ட் 142. 200க்குக் கீழ போனாலே குறைபாடுதான். தைராய்டும் கிட்னியும் சரியா இருந்துச்சு. மெட்ஃபார்மின் அப்படியே தொடருது (உங்க வீட்லயும் யாராவது எடுத்தா நீங்களா நிறுத்தி வைக்காதீங்க, பி12 பார்க்கணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க), கூடவே பி12 ஊசி.

நாலு மாசத்துல எரிச்சல் போயிருச்சு. மதமதப்பு முழுசாப் போகல. நாள்பட்டுப் போனதால எவ்வளவு திரும்பும்னு உறுதியாச் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அந்த எட்டு மாசத்தைப் பத்தி அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல.

போன வாரச் செக்கப்புல நான் வாயைத் திறக்கல. "கட்டைவிரல்ல மட்டும் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு சார், இது நல்லதா கெட்டதா?"ன்னு அப்பாவே கேட்டார்.