குறைந்தது எங்கே போயிற்று?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதன்முதலில் மிதித்தவன் நான். வீடு காசிமேட்டில். தந்தை எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஐஸ் ஃபேக்டரி ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்தவர். அங்கே அமோனியா யந்திரங்களோடு பழகி, பின்னர் ஏர்கண்டிஷன் மெக்கானிக் ஆனார். ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடைக்காரர்கள் அவரைக் ‘கேஸ்காரர்’ என்றே அழைப்பார்கள். நான் கல்லூரியில் சேர்ந்தபோது, விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘சுயதொழில்’ என்று எழுதினேன். பொய்யில்லை, ஆனால் மறைப்பதற்காக எழுதியதுதான்.

சென்ற கோடை விடுமுறையில் தந்தையின் உதவியாள் ஊருக்குப் போய்விட்டதால் அவரோடு நான் வேலைக்குப் போனேன். திருவொற்றியூரில் ஒரு ஜவுளிக்கடை. கடை முழுவதையும் குளிர்விக்கும் பெரிய யந்திரம். அதன் கம்ப்ரஸரும் கண்டென்சரும் மொட்டை மாடியில் இருந்தன.

“வருஷா வருஷம் கேஸ் தீர்ந்து போவுதுப்பா. சீக்கிரம் ஏத்திட்டுப் போ” என்றார் முதலாளி.

“தீர்ந்து போறதுக்கு அது இன்னா பெட்ரோலா முதலாளி? குறைஞ்சிருக்குதுன்னா எங்கியோ ஓட்டை இருக்குது” என்றார் தந்தை.

நான் வியந்து போனேன். அந்த யந்திரத்தில் இருந்தது ஆர்-22 என்னும் வாயு. சாதாரணக் காற்றழுத்தத்தில் சுமார் மைனஸ் 41 டிகிரி செல்சியஸிலேயே அது கொதித்துவிடும். கடைக்குள் உள்ள குழாயில் கொதித்து ஆவியாகும்போது அங்குள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்துகிறது. மாடியில் உள்ள கண்டென்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டுவிட்டு மீண்டும் திரவமாகிறது. ஒரே வாயு ஓயாமல் சுற்றி வருகிறது. எரிவதும் இல்லை, தேய்வதும் இல்லை. உள்ளுறை வெப்பத்தைப் பற்றித் தேர்வில் இரண்டு பக்கம் எழுதியவன் நான். இந்த ஒரு வரி எனக்குத் தோன்றியதில்லை.

ஓட்டையைத் தேடினோம். நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றி, மூட்டுக்கு மூட்டு சோப்பு நுரை தடவினோம். கடற்காற்றின் உப்பு அரித்த ஓரிடத்தில் நுரை குமிழியிட்டது. நைட்ரஜனை வெளியேற்றிவிட்டுத் தந்தை பற்றவைத்து அடைத்தார். பிறகு வேக்குவம் பம்ப்பை மாட்டினார். அழுத்தம் குறையக் குறைய, குழாய்க்குள் ஒட்டியிருந்த ஈரம் சூடேற்றாமலே கொதித்து வெளியேறும். ஈரம் தங்கிவிட்டால் குறுகிய வழியில் பனியாக உறைந்து அடைத்துக்கொள்ளும். “இதுல அவசரப்பட்டா அவ்ளோதான்” என்றார்.

மாலையில் சிலிண்டரைத் தராசில் வைத்து, எடை பார்த்து வாயு ஏற்றத் தொடங்கினோம். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. கீழே குளிர்ச்சி எப்படி என்று பார்க்கப் போகும்போது, “சிலிண்டர் நேரா நிக்கட்டும். வால்வைக் கொஞ்சமாத் தொற” என்று சொல்லிவிட்டுப் போனார். தராசின் முள் நகராததுபோல் எனக்குப் பட்டது. சீக்கிரம் முடிக்கலாமென்று சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். நேராக நின்றால் ஆவி போகும். கவிழ்த்தால் திரவமே போகும். சற்று நேரத்தில் கம்ப்ரஸர் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தமிட்டது. தந்தை ஓடி வந்து நிறுத்துவதற்குள் உள்ளே உடைந்துவிட்டது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது என்பது பள்ளிப் பாடம்!

முதலாளி மேலே வந்தார். தந்தை என் பக்கம் திரும்பவே இல்லை. “என் தப்புதான் முதலாளி. வேற கம்ப்ரஸர் நானே போட்டுத் தரேன்” என்றார். மறுநாள் அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று.

கம்ப்ரஸரை மாற்ற, உள்ளே இருக்கும் வாயுவை வெளியேற்ற வேண்டும். காற்றில் திறந்துவிடுவதுதான் தந்தையின் வழக்கம். யந்திரத்தை உடைத்தவனுக்குப் பேச என்ன தகுதி? ஆயினும் பேசினேன்.

“நைனா, இதைக் காத்துல விடக்கூடாது” என்று தொடங்கி, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இதன் மூத்த உறவான குளோரோபுளோரோகார்பன் வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-ல் மோலினாவும் ரோலண்டும் எச்சரித்தார்கள். 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் பிறந்தது. ஆர்-22 அவ்வளவு கொடியதல்ல என்றாலும் இதிலும் குளோரின் உண்டு. பூமியைச் சூடேற்றுவதில் கரியமில வாயுவைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் வலியது. 2030-க்குள் நம் நாடு இதை ஏறக்குறைய முழுமையாகக் கைவிட வேண்டும்.

தந்தை நெடுநேரம் பேசவில்லை. 2023 டிசம்பர் 26-ஆம் தேதி இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்ததும், பெரியகுப்பம் பக்கத்து மக்கள் தூக்கம் கலைந்து மூச்சுத் திணறி ஓடியதும் எங்கள் பகுதியில் யாருக்கும் மறக்கவில்லை. அதை நினைத்துத்தான் சொன்னார்: “அமோனியா மூக்கைப் புடிச்சி சொல்லிடும், ஓடுன்னு. இது சொல்லாமப் போவுது. அப்போ இதுதான் பெரிய ஓட்டை.”

அன்றே ராயபுரத்தில் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் வாயுவை உறிஞ்சி எடுக்கும் யந்திரத்தை இரவல் வாங்கி வந்தார். காலி சிலிண்டரில் அதைப் பிடித்து வைத்தோம். இப்போது எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்கிறார்.

கம்மல் இன்னும் மீளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தந்தையோடு வேலைக்குப் போகிறேன். என் கூலியை அம்மா தனியே எடுத்து வைக்கிறாள். இரண்டாம் ஆண்டு உதவித்தொகை விண்ணப்பத்தில், ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘ஏர்கண்டிஷன் மெக்கானிக்’ என்று முழுதாக எழுதினேன். இடம் போதாமல் கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போயிற்று.