விற்ற பின்னும் விடாத கை

விலை கொடுத்தவர் உரியவர். விலை பெற்றவர் விலகியவர். சந்தை தோன்றிய நாள் முதலாய் மக்கள் கண்ட முறை இது. மாட்டை விற்றவர் கயிற்றைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டுத் தம் வழியே போய்விடுவார். மறுநாள் விடியலில் நம் தொழுவத்தில் வந்து நின்று, "மாடு உம்முடையது, மடி மட்டும் என்னுடையது. மாதந்தோறும் கப்பம் கட்டினால் பால் கறக்க இசைவு தருவேன்!" என்று கேட்பாரா? கேட்டால் ஊர் சிரிக்காதா? சிரித்துவிட்டு, பஞ்சாயத்தைக் கூட்டாதா?

இன்று அப்படித்தான் கேட்கிறார்கள். ஊர் சிரிக்கவில்லை, பஞ்சாயத்தும் கூடவில்லை. கேட்பவர் தொழுவத்துக்கு வருவதில்லை. கண்ணாடித் திரைக்குப் பின்னாலிருந்து கேட்கிறார். அதனால்தான் நமக்கு உறைக்கவில்லை.

நாம் பள்ளி ஆசிரியர். அளந்து வரும் ஊதியத்தில், பத்து மாதத் தவணையில் ஒரு கைப்பேசி வாங்கினோம். கடைசித் தவணை கட்டிய அன்று, இனி இது நமது என்று மகிழ்ந்தோம். ஈராண்டு கழிந்தது. காலையில் முழுதாய் மின்னேற்றிச் சென்றாலும், மூன்றாம் பாடவேளைக்குள் மூச்சை விட்டது. மாணவர் வருகையைப் பதிவதும் அதில்தான். பெற்றோரிடம் பேசுவதும் அதில்தான். வீட்டில் அம்மாவின் மருந்துச் சீட்டு இருப்பதும் அதில்தான். அது கண் மூடினால் நம் கை கட்டுண்டது போலாகும்.

முன்பிருந்த கைப்பேசியில் நகத்தால் நெம்பினால் மூடி திறக்கும். பேட்டரி உள்ளங்கையில் விழும். புதியதைப் பொருத்த அரை நிமிடம் போதும். இப்போதையதோ பசையிட்டு ஒட்டிய பெட்டகம்! கண்ணாடியைச் சூடேற்ற வேண்டும். தனித் திருப்புளி வேண்டும். கை நடுங்காதவர் வேண்டும். கடைத்தெருவில் அத்தகைய ஒருவர் இருக்கிறார். நம்மிடம் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த மாணவர்தாம். கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் வழியில்லை; ஆறு மாதம் தொழில் பழகி, நான்கடி அகலக் கடை ஒன்று வைத்து, தாயையும் தங்கையையும் காப்பாற்றி வருகிறார். பேட்டரியை மாற்றிக் கொடுத்தார். கைப்பேசி உயிர் பெற்றது. ஆனால், திறக்கும் போதெல்லாம் ஓர் எச்சரிக்கை: 'அறியப்படாத பாகம்!'

"என்ன தம்பி இது? போலியா?" என்றோம்.

"இல்லை சார், நல்ல பேட்டரிதான். இதே மாதிரி இன்னொரு போனிலிருந்து எடுத்து வைத்தாலும் இப்படித்தான் சொல்லும். கம்பெனியின் மென்பொருள் 'சரி' என்று சொன்னால்தான் ஒத்துக்கொள்ளும். கையில் வித்தை இருக்கிறது சார். பூட்டு அவர்களிடம் இருக்கிறது."

பூட்டு அவர்களிடம் இருக்கிறது! அந்த இளைஞர் சொன்ன அந்த ஒரு சொல்லில் இந்தச் சிக்கல் முழுதும் அடங்கியிருக்கிறது, நண்பர்களே! கிரைண்டர் கல் தேய்ந்தால் தெருவில் வருபவரை அழைத்துக் கொத்திக் கொள்கிறோம்; மிதிவண்டிச் சங்கிலி அறுந்தால் முச்சந்தியில் மாட்டிக் கொள்கிறோம். கொத்தக் கூடாது, மாட்டக் கூடாது என்று செய்தவர் தடுத்ததுண்டா? ஒவ்வொரு பொருளின் பின்னும் அதைப் பழுது பார்த்து வாழும் ஒரு குடும்பம் உண்டு. பொருளைப் பூட்டும்போது அந்தக் குடும்பத்தின் அடுப்பையும் சேர்த்துப் பூட்டுகிறார்கள்.

"கைப்பேசி மெல்ல ஓடுகிறது, கணினி கண் சிமிட்டுகிறது, இதெல்லாம் பெரிய குறையா? நாட்டில் வேறு துன்பமே இல்லையா?" என்பர் சிலர். துன்பம் சிறிது, அதன் வேர் பெரிது. வேரைத்தான் காட்ட விழைகிறோம்.

1924ஆம் ஆண்டு டிசம்பரில், ஜெனீவா நகரில், உலகின் பெரிய மின்விளக்கு நிறுவனங்கள் கூடி ஓர் உடன்பாடு கண்டன. ஃபீபஸ் கூட்டு என்று அதற்குப் பெயர். 1,500 மணி, 2,000 மணி என எரிந்த விளக்குகளை 1,000 மணி நேரத்துக்குக் குறைப்பது என முடிவு செய்தனர். அதற்கு மேல் எரியும் விளக்கைச் செய்த ஆலைக்குத் தண்டமும் விதித்தனர்! நன்றாய் எரிந்தது குற்றம். நாள்பட உழைத்தது குற்றம்! இரண்டாம் உலகப் போர் வந்து அந்தக் கூட்டைக் குலைத்தது. கூட்டு குலைந்தது, கருத்து குலைந்ததா?

2017 டிசம்பரில், பேட்டரி முதுமையுற்ற சில ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியே குறைத்ததை ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. திடீரென அணைந்து போகாதிருக்கவே அவ்வாறு செய்தோம் என்று விளக்கம் தந்தது. விளக்கத்தில் பொருள் இருக்கலாம். ஆனால், வாங்கியவரிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால், பேட்டரியை மட்டும் மாற்றியிருப்பாரே! சொல்லாததால், கைப்பேசியே கிழடாயிற்று என எண்ணிப் புதியதை வாங்கியவர் எத்தனை பேரோ! சொல்லாமல் மறைத்த குற்றத்துக்காகவே 2020 பிப்ரவரியில் பிரான்சு நாடு 2.5 கோடி யூரோ தண்டம் விதித்தது.

கைப்பேசியோடு நின்றதா? காருக்கும் வந்துவிட்டது. இன்றைய கார் வெறும் வண்டியன்று. சக்கரம் பூண்ட கணினி. இணையத்தோடு பேசுகிறது, தன்னைச் செய்தவரோடு பேசுகிறது, ஓட்டுபவரிடம் மட்டும் உள்ளதை உள்ளபடி பேசுவதில்லை!

பி.எம்.டபிள்யூ. நிறுவனம் இருக்கையைச் சூடாக்கும் வசதிக்குச் சில நாடுகளில் மாதச் சந்தா கேட்டது. 2022இல் செய்தி பரவிற்று. சூடேற்றும் கம்பி இருக்கைக்குள்ளேயே இருக்கிறது. வாங்கியவர் அதைச் சுமந்து திரிகிறார். சுமக்க எரிபொருளும் செலவிடுகிறார். ஆனால் சூடு வேண்டுமானால் மாதக் கப்பம்! மாடு உம்முடையது, மடி என்னுடையது என்ற கதை இதுதானே? மக்கள் எள்ளி நகைத்தனர், எதிர்த்தும் கேட்டனர். 2023இல் அந்த நிறுவனம் அத்திட்டத்தைக் கைவிட்டது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இது சான்று.

கப்பம் மட்டுமா? வேவும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார்கள், ஓட்டுபவர் எப்போது விரைந்தார், எப்போது சட்டென நிறுத்தினார் என்பதையெல்லாம் குறித்தன. அக்குறிப்புகள் தரவு வணிகர்க்குச் சென்றன. அங்கிருந்து காப்பீட்டு நிறுவனங்களை அடைந்தன. ஏன் தம் காப்பீட்டுக் கட்டணம் ஏறிற்று என்று புரியாமல் பலர் விழித்தனர். 2024இல் இது வெளியாயிற்று. 2025 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கையில் இறங்கிற்று. ஒரு நிறுவனத்தின் குறை மட்டுமன்று இது. 2023இல் மொசில்லா அறக்கட்டளை 25 கார் நிறுவனங்களின் தனியுரிமைக் கொள்கைகளை ஆராய்ந்தது, ஒன்றுகூடத் தேறவில்லை. நம் வகுப்பில் இருபத்தைந்து பேரும் தோற்றால் ஆசிரியரை விசாரிப்பார்கள். இங்கே விசாரிக்கப்படுபவர் யார்?

"உங்கள் ஒப்புதலுடன்தான் எடுத்தோம்" என்பார்கள். ஒப்புதல்! முப்பது நாற்பது பக்க ஆங்கிலம்; எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து; கீழே 'ஏற்கிறேன்' என்று ஒரு பொத்தான். ஏற்காவிட்டால் கருவி இயங்காது. வாங்கிக் காசும் கொடுத்த பின், கத்தி முனையில் கேட்பதற்குப் பெயர் ஒப்புதலா? நம் பள்ளி மாணவரின் பெற்றோரில் பலர் தமிழன்றி வேறு அறியார். தாம் எதற்குத் தலையசைத்தோம் என அறியாமலே அவர்கள் அசைக்கிறார்கள். இந்திய நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அத்தகைய அறிவிப்பை அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. தமிழ் அவற்றுள் ஒன்று. ஏட்டிலுள்ள அந்த உரிமையை நாட்டில் நிலைநாட்டக் கேட்கும் வாய் வேண்டும்.

அறிவியலைப் பழிக்கிறோம் என்று எவரும் எண்ணற்க. தொலைவிலுள்ள மகனின் முகத்தைத் தாய்க்குக் காட்டும் கருவியை வெறுப்பவர் யார்? சிற்றூர்ச் சிறுமியின் கைக்கு உலக நூலகத்தைக் கொண்டுவந்த ஆற்றலை இகழ்பவர் யார்? கருவியை வாழ்த்துகிறோம், கருவிக்குள் ஒளிந்திருக்கும் கையைத்தான் எதிர்க்கிறோம். மனிதனை விடுவிக்கப் பிறந்த அறிவியலை, மனிதனைக் கட்டும் கயிறாய்த் திரிப்பதைத்தான் கண்டிக்கிறோம்.

மாற்ற இயலாததா இது? ஐரோப்பிய ஒன்றியம் செய்து காட்டுகிறது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புதிய கைப்பேசிகளுக்கு ஒரே வகை மின்னேற்றுத் துளை. 2025 ஜூன் 20 முதல், ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பின்னும் ஏழாண்டுகள் முதன்மையான உதிரிப் பாகங்கள் கிடைக்க வேண்டும் என்று விதி. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024இல் இயற்றிய சட்டம், பாகத்தை மென்பொருளால் பூட்டும் அந்தச் சூழ்ச்சியையே தடுக்கிறது. நம் கடைத்தெரு இளைஞர் கேட்பதும் அதுதானே! நம் நாட்டில், 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு பழுது நீக்கும் உரிமைக்கென ஓர் இணையவாயிலைத் திறந்தது. வாயில் திறந்தது, வீடு இன்னும் கட்டப்படவில்லை. தகவல் தரும் தளம் வேறு. தண்டிக்கும் சட்டம் வேறு.

ஆகவே, அடுத்த முறை கடையேறும் நண்பர்களே, வண்ணத்தையும் வடிவையும் பார்க்குமுன் நான்கு கேள்வி கேளுங்கள். பேட்டரியை மாற்ற முடியுமா? உதிரிப் பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும்? மென்பொருள் எத்தனை ஆண்டு வரும்? எம் செய்திகளில் எவை எவரிடம் போகும்? கடைக்காரர் விழிப்பார்; விழிக்கட்டும். ஒருவர் கேட்டால் விழிப்பார். நூறு பேர் கேட்டால் மேலே எழுதிக் கேட்பார். ஆயிரம் பேர் கேட்டால் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் அது ஒலிக்கும்.

வாங்கியவர் கையில் பொருள், விற்றவர் கையில் பூட்டு என்ற நிலை நீடிக்குமாயின், நாம் வாங்குவது உடைமையன்று. தவணையில் வரும் அடிமைத்தனம். காசு நம்முடையது, கருவி நம்முடையது, திறவுகோலும் நம்முடையதாக வேண்டும்!