ஓவர்கிளாக்கிங்கும் பொன்னி அரிசி மூட்டையும்

மண்ணச்சநல்லூர்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது அரிசிதான். ஸ்ரீரங்கத்துலேர்ந்து கொள்ளிடம் தாண்டி, நெ.1 டோல்கேட் வழியா துறையூர் ரோட்டைப் பிடிச்சீங்கன்னா, ஊர் வர்றதுக்கு முன்னாடியே அவிச்ச நெல் வாசனை வந்துடும். அரிசி மில்லுக்கும் கம்ப்யூட்டர் பிராசஸருக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்குறீங்களா? இருக்கு மக்களே, கொஞ்சம் பொறுங்க.

மில்லுல அரைச்சு வர்ற அரிசி அப்படியே மூட்டைக்குப் போறதில்ல. சலிச்சு, குருணையைத் தனியா எடுத்து, கறுப்பு பழுப்பு பொறுக்கி, தரம் பிரிச்சு அப்புறம்தான் மூட்டை. ஒரே வயல், ஒரே நெல்லு, ஆனா வேற வேற மூட்டை, வேற வேற விலை.

பிராசஸரும் அச்சு அசலா இதேதான். ஒரே சிலிக்கான் தட்டுல நூத்துக்கணக்குல சிப்பு செய்யறாங்க. ஒவ்வொண்ணையும் சோதிச்சு, இது இவ்வளவு வேகம் தாங்கும்னு தரம் பிரிச்சு முத்திரை குத்தறாங்க. இதுல ஒரு கூத்து என்னன்னா, உற்பத்தி நல்லா அமைஞ்சு முக்காவாசி சிப்பு முதல் தரமா வந்துட்டா, விலை குறைஞ்ச ரகத்துக்கு ஆர்டர் இருக்கேன்னு நல்ல சிப்புலயே சின்ன நம்பரைக் குத்தி அனுப்பிடுவாங்க. 1998 ஆகஸ்டுல வந்த செலரான் 300ஏ இதுக்குப் பேர்போனது. பஸ் வேகத்தை 66-லேர்ந்து 100-க்கு மாத்தினா 300 மெகாஹெர்ட்ஸ் சிப்பு 450-ல ஜம்முனு ஓடும். அதே மாசம் வந்த பென்டியம் II 450-க்கு விலை நாலு மடங்குக்கும் மேல!

அப்ப, வேகமான சிப்பைக் காசு குடுத்து வாங்காம இப்படி முடுக்கி விட்டுக்கறது திருட்டா? என்னைக் கேட்டா, இல்லவே இல்ல. கல்லை நான் காசு குடுத்து வாங்கியாச்சு. கம்பெனி குத்தின நம்பர் ஒரு வாக்குறுதி. எவ்வளவு வெயில் அடிச்சாலும், எத்தனை வருஷம் ஆனாலும் இந்த வேகத்துல தப்பில்லாம ஓடும்ங்கிற உத்தரவாதம். அதைத் தாண்டினா உத்தரவாதம் போச்சு, கருகினா என் காசு போச்சு. நானும் அந்தக் காலத்துல என் சொந்த மெஷின்ல செஞ்சவன்தான். ஏஎம்டி டியூரான்ல பென்சில் கோடு போட்டுப் பூட்டைத் திறந்த ஆளுங்க உங்கள்லயும் ரெண்டு பேர் இருப்பீங்க :-)

கம்பெனிக்காரங்க மட்டும் என்ன யோக்கியமா? முதல்ல பெருக்கல் எண்ணைப் பூட்டினாங்க. 2010-ல பூட்டாத சிப்புன்னு 'கே' வரிசை கொண்டு வந்தாங்க. அதே வருஷம் பென்டியம் ஜி6951-ன்னு ஒண்ணு. சிப்புக்குள்ள இருக்கிற கேஷையும் ஹைப்பர் த்ரெடிங்கையும் மூடி வச்சு, திறக்கணும்னா 50 டாலருக்குக் கார்டு வாங்குன்னாங்க. எதிர்ப்பு பலமா இருந்தது, அடுத்த வருஷமே கடையைக் கட்டிட்டாங்க.

சரி, மேட்டருக்கு வர்றேன். 2001-ல எங்க மாமா கணக்கு எழுதிக்கிட்டிருந்த ஒரு ரைஸ் மில்லுக்கு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கினாங்க. செலரான் 800-ன்னு பில்லு. திருச்சியில ஒரு கடை, பேரு வேணாம். மார்கழி, தையெல்லாம் நல்லாத்தான் ஓடிச்சு. சித்திரை பொறந்ததும் தினம் மத்தியானம் டாண்ணு நின்னு போகும். டாலில டேட்டா அடிக்கடி கெட்டுப் போக, மாமா ரீரைட் போட்டுப் போட்டு ஓய்ஞ்சுட்டார். "தம்பி, நேத்து போட்ட நாப்பது வவுச்சரு காணும்டா"ன்னு ஒருநாள் கூப்பிட்டார். அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. கணக்குல வர்ற ஓட்டைக்கு முதலாளி கம்ப்யூட்டரையா கேப்பாரு? கணக்குப்பிள்ளையைத்தான் கேப்பாரு.

போய் கேபினைத் திறந்தா, ஹீட் சிங்க் பூரா தவிட்டுத் தூசி. அதைக் கழட்டிப் பாத்தா சிப்புல 533ஏ-ன்னு அச்சு, பஸ் 66. பயாஸ்ல 100-ன்னு வச்சிருக்கு. எட்டு இன்ட்டு அறுபத்தாறு 533, எட்டு இன்ட்டு நூறு 800. முடிஞ்சது கணக்கு.

மாமாவோட கடைக்குப் போனேன். கடைக்காரர் அலட்டிக்கவே இல்ல. "ஸ்க்ரீன்ல 800 காட்டுதா இல்லையாண்ணே? 800-க்குத்தான காசு வாங்கினேன்?" எனக்கு ஒரு நிமிஷம் பதில் வரல. மாமாதான் பேசினார். "ஐ.ஆர்.இருபதைப் பொன்னின்னு மூட்டை தச்சுக் குடுத்தா அதுவும் சோறாத்தானய்யா ஆவும்? அதுக்காக நான் குடுப்பனா?"

வித்தியாசம் வேகத்துல இல்ல, யாருக்குத் தெரியும்ங்கிறதுல. நான் என் மெஷின்ல செஞ்சா, நின்னு போகும்போது எங்கே பாக்கணும்னு எனக்குத் தெரியும். மாமாவுக்கு அது தெரிய வழியே இல்ல. துணிஞ்சவன் கடைக்காரர், பழி சுமந்தவர் மாமா. (கருகின சிப்பைத் "தானா போச்சு"ன்னு வாரண்டியில மாத்துற நம்ம நண்பர்களும் கடைக்காரர் பக்கம்தான். கோச்சுக்காதீங்க.)

இது நம்ம ஊர் சமாச்சாரம் மட்டும் இல்ல. 2005-ல மைக்ரோசாஃப்ட்டோட ரேமண்ட் சென் தன் பதிவுல எழுதியிருந்தார். விண்டோஸ் விழுந்து வந்த ரிப்போர்ட்டுகளைப் பாத்தா, தப்பே நடக்க முடியாத சாதாரண கட்டளையில போய் நிக்குதாம். விசாரிச்சா ஓவர்கிளாக்கிங். அதுலயும் சிலருக்கு அப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாது, கடையிலேயே முடுக்கி வித்திருக்காங்க!

நின்னு போற மெஷினைக்கூட நம்பலாம், ஏதோ கோளாறுன்னு தெரியுது. நிக்காம, ஒரு இலக்கத்தை மட்டும் சத்தமில்லாம மாத்திட்டு ஓடிக்கிட்டே இருக்கிற மெஷின்தான் பயம். செட்டி@ஹோம் மாதிரி திட்டங்கள்ல ஒரே கணக்கை ஒண்ணுக்கு மேற்பட்ட கம்ப்யூட்டருக்கு அனுப்பி ஒத்துப் பாத்தாங்க. அரிசி மில்லுல அந்த ரெண்டாவது கம்ப்யூட்டருக்கு எங்கே போறது?

2024-ல இன்டெலோட 13-ம், 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் அளவுக்கு மீறின வோல்டேஜ் ஏறி கெட்டுப் போன கதை தெரிஞ்சிருக்கும். பயாஸைத் தொடாதவங்களுக்கும் அடி விழுந்தது. மைக்ரோகோடை மாத்தினாங்க, வாரண்டியை ரெண்டு வருஷம் கூட்டினாங்க. அந்தக் கடைக்காரர் அதைக்கூடச் செய்யல. பாதிப் பணத்தைத் திருப்பித் தர மூணு மாசம் அலைய விட்டார். அந்த மூணு மாசமும் மாமா நோட்டுலயும் எழுதி, கம்ப்யூட்டர்லயும் ஏத்தினார்.

என்கிட்ட 2011-ல வாங்கின ஐ5 2500கே ஒண்ணு இருந்தது. 3.3 சிப்பு, 4.4-ல ரொம்ப வருஷம் ஓடிச்சு. அக்கா பையன் காலேஜுக்குக் கேட்டப்ப பயாஸை டீஃபால்ட்டுக்கு மாத்தி, இத்தனை வருஷம் எப்படி ஓட்டினேன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி கேபினுக்குள்ள ஒட்டிக் குடுத்தேன். பய அன்னைக்கு ராத்திரியே போன் பண்ணிட்டான். "மாமா, அந்த 4.4 எப்படி வைக்கிறது?"

சொல்லிக் குடுத்துட்டேன். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை மட்டும் பென் டிரைவ்ல தனியா காப்பி எடுத்து வைடான்னேன்.