சம்பளமும் பந்தும்

சம்பளம் நின்றால் பந்தும் நின்றுவிடும். கோலார் தங்க வயலின் கோரமண்டல்வாசிகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்ட வந்தபின், வட ஆற்காடு, சித்தூர் பக்கங்களிலிருந்து கூலிக்கு வந்த குடும்பங்கள் வேர்விட்ட வட்டாரம் அது. வெள்ளைக்காரர்களின் கால்பந்தைத் தொழிலாளிகள் தமதாக்கிக்கொண்டார்கள். வீடு, தண்ணீர், ஆஸ்பத்திரி, மைதானம் எல்லாமே கம்பெனி உபயம். 1956ல் சுரங்கம் அரசுடைமை ஆன பிறகும் இந்த ஏற்பாடு தொடர்ந்தது. 2001 பிப்ரவரி 28ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது வேலை மட்டும் போகவில்லை. அதைச் சார்ந்திருந்த எல்லாமே ஆட்டம் கண்டன.

சுமார் 100 கி.மீ. தள்ளியிருக்கும் பெங்களூரிலும் கால்பந்து என்பது நெடுங்காலம் உத்தியோகத்தின் மறுபெயராகவே இருந்தது. நன்றாக ஆடினால் ஐ.டி.ஐ.யிலோ எச்.ஏ.எல்.லிலோ வேலை கிடைக்கும் என்பதே இளைஞர்களின் கனவு. ஐ.டி.ஐ. 1990களில் தேசிய லீகில் ஆடியது. எச்.ஏ.எல். 2010வாக்கில் ஐ-லீகை எட்டிப்பிடித்தது. இரண்டுமே அங்கு நிலைக்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் 2024ல் அண்டை மாநிலத்தில் நடந்த பரிசோதனை கவனத்தை ஈர்க்கிறது. ஆறு அணிகளுடன் செப்டம்பர் 7ல் கொச்சியில் தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவில் வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் இல்லை, முதலீட்டாளர்கள் இருந்தார்கள். நடிகர் பிருத்விராஜ் கொச்சி அணியின் பங்குதாரர். அரையிறுதிகளையும் இறுதியையும் சேர்த்து மொத்தம் 33 ஆட்டங்கள். அரங்குகளோ நான்கே. கண்ணூர் அணி கோழிக்கோட்டிலும், திருச்சூர் அணி மஞ்சேரியிலும் 'சொந்த ஊர்' ஆட்டங்களை ஆட வேண்டியிருந்தது!

நவம்பர் 10ல் கோழிக்கோடு ஈ.எம்.எஸ். ஸ்டேடியத்தில் இறுதிப் போட்டி. காலிகட் அணி 2-1 என்று கொச்சியை வென்றது. கோரமண்டலின் சுரங்க லைன் வீடு ஒன்றில், ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் பேரனின் செல்போனில் இதைப் பார்த்தார்.

"தாத்தா, காலிகட்டுக்கு கோல் அடிச்ச ரெண்டு பேருமே அந்த ஊர் இல்ல. ஒருத்தர் மணிப்பூர், இன்னொருத்தர் ஹைட்டி."

"ஊர் எதுவா இருந்தா என்னடா? மாசம் பொறந்தா சம்பளம் வருதா, அதச் சொல்லு."

"பெரிய பெரிய ஓனருங்க இருக்காங்க தாத்தா, சினிமாக்காரங்க கூட."

"எங்களுக்கு கவர்மென்ட்டே ஓனர். என்ன ஆச்சு?"

பேரனிடம் பதில் இல்லை. பெரியவரின் சந்தேகத்துக்குக் கேரளத்திலேயே ஆதாரம் உண்டு. 1997ல் ஏகப்பட்ட ஆரவாரத்துடன் பிறந்த எஃப்.சி. கொச்சின், அதே ஆண்டு டூரண்ட் கோப்பையை வென்றது. சில ஆண்டுகளிலேயே பண நெருக்கடியில் கலைந்தும் போனது.

ஆனால் கேரளத்துக்கு ஒரு பலம் உண்டு. மலபாரில் அறுவடை முடிந்த வயல்களில்கூட நடக்கும் 'செவன்ஸ்' ஆட்டங்களை வளர்த்தவர்கள் உள்ளூர்க் கமிட்டிகளும், டிக்கெட் வாங்கிப் பார்க்கும் சாதாரண ஜனங்களும்தான். முதலாளி விலகினாலும் ரசிகன் இருப்பான். அவனை நம்பி இன்னொரு அணி எழலாம். எஃப்.சி. கொச்சின் மறைந்த மாநிலத்தில் மறுபடி ஒரு லீக் பிறந்ததன் ரகசியம் இதுவே.

தங்க வயலில் ஆட்டக்காரனும் ரசிகனும் ஒரே சுரங்கத்தின் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள். சுரங்கம் போனபின் இளைய தலைமுறை விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பெங்களூரில் உழைத்துவிட்டு இருட்டிய பிறகு திரும்புகிறது. இங்கே ஓர் அணியை உருவாக்க நாளையே ஒரு செல்வந்தர் முன்வரலாம். ஆனால் மாலை நான்கு மணிக்குப் பந்தை உதைக்கவும், ஓரமாக நின்று கைதட்டவும் ஊரில் ஆள் இருக்க வேண்டும். அதற்கு முதலில் ஊரிலேயே வேலை வேண்டும்.