முள் காட்டிய உண்மை

தமிழ் பயிற்றுவிப்போர்க்கு லாரியின் மின்கம்பிகளோடு என்ன உறவு என்று மாணவச் செல்வங்கள் வினவக்கூடும். உறவு உண்டு. நம்மை எம்.ஃபில். வரை படிக்க வைத்தது ஒரு லாரிதான். நெல்லும் வைக்கோலும் செங்கலும் ஏற்றி அத்தா ஈட்டிய பொருளே நம் கல்லூரிக் கட்டணமாயிற்று. 1994இல் உருவான அவ்வண்டி இன்றும் ஓடுகிறது. அத்தா முதுமையுற்றபின் அதனைத் தம்பி ஓட்டி வருகிறான். பேட்டரி வாங்கும் செலவில் பாதியை நாம் ஏற்பது என்பது உடன்பிறந்தார் இருவர்க்கும் இடையிலான ஏற்பாடு.

அந்தப் பேட்டரிதான் மனவருத்தத்திற்கு வித்தாயிற்று. மூன்றாண்டுகள் உழைக்க வேண்டிய இணை ஒன்று ஓராண்டுக்குள் செயலிழந்தது. மாற்றிய இணையும் அவ்வாறே ஆயிற்று. மூன்றாம் முறையும் தம்பி பணம் கேட்டபோது, "அண்ணே, பேட்டரித் தண்ணி அடிக்கடி வத்திப் போகுது, பல்பும் நிக்க மாட்டேங்குது" என்றான். அச்சொற்களில் இருந்த செய்தி நம் செவிக்கு எட்டவில்லை. ஐயமே முந்திக்கொண்டது. பழைய பேட்டரிகள் உண்மையிலேயே பழுதுற்றுத் திரும்ப வந்தனவா என்று கடைக்காரரிடம் தனியே வினவினோம். வந்தன என்றார் அவர். நாம் வினவிய செய்தி தம்பிக்கு எட்டிற்று. அதன்பின் அவன் நம்மிடம் பணமும் கேட்கவில்லை, பேசவும் இல்லை.

கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, டேஷ்போர்டில் இருந்த அம்மீட்டர் நெடுநாளாக அசைவற்றுக் கிடப்பதைக் கண்டோம். அதனை அகற்றி வோல்ட்மீட்டர் ஒன்றைப் பொருத்துவோம் என்று நாமே முன்மொழிந்தோம். ஏதேனும் ஒரு வேலையில் இருவரும் கைகோத்தால் பேச்சு பிறக்கும் என்பதே உள்நோக்கம்.

இவ்விரு கருவிகளின் இயல்பும் வேறு வேறு. அம்மீட்டர் மின்னோட்டத்தின் வழியிலேயே நிற்பது. அதனூடே சென்றே மின்சாரம் அப்பால் போகும். வோல்ட்மீட்டரோ வழியை மறிப்பதில்லை. ஓட்டத்தின் பக்கத்தே நின்று, மிகச் சிறிதளவே எடுத்துக்கொண்டு, அழுத்தம் எவ்வளவு என்று மட்டும் உரைப்பது. வோல்ட் என்னும் பெயர் இத்தாலிய அறிஞர் அலெசாண்ட்ரோ வோல்ட்டாவின் நினைவாக அமைந்தது. 1800ஆம் ஆண்டில் அவர் அறிவித்த மின்னடுக்கே இன்றைய பேட்டரிகளின் மூதாதை.

முதலில் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றினோம். அம்மீட்டரின் பின்னிருந்த தடித்த கம்பிகள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து முடுக்கி, வெளியே தெரியாவண்ணம் காப்புச் சுற்றினான் தம்பி. அவற்றை இணைக்காது விட்டால் அவ்வழியே செல்லும் மின்சாரம் அங்கேயே நின்றுவிடும். புதிய கருவி 18 முதல் 32 வோல்ட் வரை காட்டுவது. அதன் ஒரு முனைக்குச் சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் இணைப்பிலிருந்து 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியே மெல்லிய கம்பி ஒன்றை இழுத்தோம். மறுமுனைக்கு எர்த். கருவியின் சிறு விளக்கிற்கு டேஷ்போர்டு விளக்கின் கம்பியிலிருந்து ஒரு கிளை.

இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகக் கோத்த வண்டி அது. முழு மின்னேற்றம் பெற்ற பேட்டரிகள் ஓய்வில் 25 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். எஞ்சின் ஓடும்போது 28ஐ ஒட்டி நிற்பது நலம். சாவியைத் திருப்பியபோது முள் 25இல் நின்றது. எஞ்சின் முடுக்கம் பெற்றதும் 28ஐக் கடந்தது, 30ஐக் கடந்தது, 31ஐத் தொட்டது. மல்ட்டிமீட்டரைப் பேட்டரியின் முனைகளில் வைத்துப் பார்த்தோம். அதுவும் அதனையே உரைத்தது.

வேப்பமர நிழலில் நாற்காலியில் அமர்ந்திருந்த அத்தா, "ரெகுலேட்டருக்கு எர்த் சரியா இருக்கான்னு பாருங்கப்பா" என்றார்.

ரெகுலேட்டரைக் கழற்றினோம். அதன் அடியில், அது பதிந்திருந்த தகட்டின்மீது, நீல வண்ணம் தடிப்பாகப் படர்ந்திருந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் எஃப்.சி.க்காகப் பூசிய வண்ணம்! அதற்குப் பணம் தந்தவரும், பளபளப்பைக் கண்டு மகிழ்ந்தவரும் நாமே. எர்த்தில் ஊன்றி நின்றுதான் ரெகுலேட்டர் அழுத்தத்தை அளக்கும். ஊன்றுமிடம் சரியில்லையேல் உள்ளதைக் குறைத்தே கணிக்கும். போதவில்லை என்றெண்ணி ஆல்டர்னேட்டரை மேன்மேலும் தூண்டும். பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும்; பல்புகள் எரிந்துபோகும். தம்பி சொன்னவை அத்தனையும் மெய்.

உப்புத்தாளால் வண்ணத்தைச் சுரண்டி, வெறும் உலோகம் மின்னும்படி செய்து, மீண்டும் முடுக்கினான். முள் 28இல் வந்து அமைதியாக நின்றது.

குறை பேட்டரியில் இல்லை, தம்பியிடத்தும் இல்லை. ஊன்றி நிற்கும் இடம் மறைப்புண்ட ரெகுலேட்டர், நிறைவாய் இருந்ததைக் குறைவென்று கணித்தது. நாமும் அதனையே செய்திருந்தோம். எண்ணெய் படிந்த அவன் கையைப் பற்றி, "கடையில் விசாரித்தது தவறு, பொறுத்துக்கொள்" என்றோம். சற்று நேரம் பேசாதிருந்தான். பின்னர், "விடுங்கண்ணே, முதல்லயே எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல" என்றான். மூன்றாண்டு வருத்தமும் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது.

மாணவர்களே, பிறரைப் பற்றி ஒரு முடிவுக்கு வருமுன், நாம் ஊன்றி நிற்கும் இடத்தை ஒருமுறை சுரண்டிப் பாருங்கள். நாமே ஆசையோடு பூசிய வண்ணம் அங்கே மறைப்பாக இருக்கக்கூடும்.